இசுமோவும் ஜூனோவும் – விந்தணு முட்டையைக் கண்டுகொண்ட கதை

குழந்தை எப்படி உருவாகிறது என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். விந்தணுவும் கருமுட்டையும் சேர்கின்றன, கரு உருவாகிறது. அவ்வளவுதான். ஆனால் "சேர்கின்றன" என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன நடக்கிறது? இரண்டு வேறு வேறு உடல்களில் பிறந்த செல்கள், ஒன்றை ஒன்று முன்பின் பார்த்திராதவை, எப்படி ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன? இந்தக் கேள்விக்குப் பாதி பதில் 2005 வரையிலும், மீதிப் பாதி 2014 வரையிலும் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றால் நம்ப முடிகிறதா?

நிலவுக்கு மனிதன் போய் வந்து, மனித மரபணுத் தொகுப்பை முழுவதும் படித்து முடித்து, சோதனைக் குழாய்க் குழந்தைகள் லட்சக்கணக்கில் பிறந்த பிறகும் இந்தச் சின்ன விஷயம் தெரியாமலேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

துணிக்கடைக்காரர் பார்த்தது

கதை ஆரம்பிப்பது ஒரு விஞ்ஞானியிடம் அல்ல, ஒரு வியாபாரியிடம். நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரம் செய்தவர் அந்தோனி வான் லீவன்ஹூக். பொழுதுபோக்காகத் தானே கண்ணாடிகளைத் தேய்த்து நுண்ணோக்கிகள் செய்தார். 1677ல் விந்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும் எண்ணற்ற சிறு உயிர்களைக் கண்டார். லண்டனில் இருந்த ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். "இது படித்தவர்களுக்கு அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டாம்" என்ற பொருளில் தயங்கித் தயங்கித்தான் எழுதினார். நல்ல வேளையாக அவர்கள் வெளியிட்டார்கள்.

ஆனால் பார்த்துவிட்டால் மட்டும் புரிந்துவிடுமா? அந்தச் சிறு உயிர்கள் ஒட்டுண்ணிகள் என்றே பலர் நினைத்தார்கள். 18ம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார் ஆண் தவளைகளுக்குக் கால்சட்டை தைத்து மாட்டிவிட்டுச் சோதனை செய்தார்! கால்சட்டை போட்ட தவளையோடு சேர்ந்த பெண் தவளையின் முட்டைகள் பொரியவில்லை. ஆக, கருவுறுவதற்கு விந்து தேவை என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால், விந்தில் இருக்கும் விந்தணுக்கள்தான் காரணம் என்பதை அவரே ஒப்புக்கொள்ளவில்லை. 1876ல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் ஒன்றாகச் சேர்வதை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் விஷயம் தெளிவானது. லீவன்ஹூக் பார்த்ததில் இருந்து கணக்குப் போட்டால் 199 வருடங்கள்!

பார்த்தால் மட்டும் போதாது

20ம் நூற்றாண்டில் வேகம் பிடித்தது. 1951ல் அமெரிக்காவில் மின் சூ சாங்கும், ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டினும் தனித்தனியாக ஒரே உண்மையைக் கண்டுபிடித்தார்கள். ஆண் உடலில் இருந்து வெளியே வந்த விந்தணு உடனே முட்டையைக் கருவுறச் செய்ய முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட வேண்டும். இந்த அறிவு இல்லாமல் சோதனைக் குழாய்க் குழந்தை சாத்தியமே இல்லை. 1959ல் சாங் இந்த முறையில் முயல் குட்டிகளைப் பிறக்க வைத்தார். 1978 ஜூலை 25ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார்.

விந்தணு முட்டையை அடைந்த பிறகு நடப்பது மூன்று கட்டம். முதலில் முட்டையைச் சுற்றியுள்ள தடித்த உறையில் ஒட்ட வேண்டும். பிறகு அந்த உறையைத் துளைத்து உள்ளே போக வேண்டும். கடைசியாக முட்டையின் சவ்வோடு தன் சவ்வைச் சேர்த்து ஒன்றாக வேண்டும். இந்தக் கடைசிக் கட்டம்தான் மர்மம். நுண்ணோக்கியில் ஒட்டுவது தெரிகிறது, சேர்வது தெரிகிறது. எது எதைப் பிடித்துக்கொள்கிறது என்பது தெரியாது. ஏனென்றால் பிடித்துக்கொள்வது கை அல்ல, புரதம். அது சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாத அளவு சிறியது.

புரதம் என்பது என்ன?

வணிகவியல் பாஷையில் சொன்னால் எளிதாகப் புரியும். செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. ஒரு பெரிய லெட்ஜர். அதை வெளியே எடுத்துப்போக அனுமதி இல்லை. தேவையான பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்புகிறார்கள், அதுதான் ஆர்.என்.ஏ. அந்த நகலைப் பார்த்துப் பட்டறையில் செய்யப்படும் சரக்குதான் புரதம். எந்தச் செல்லில் எந்தச் சரக்கு உற்பத்தியாகிறது என்பதைத்தான் "புரத வெளிப்பாடு" என்கிறார்கள். கண் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் லெட்ஜர் ஒன்றுதான். உற்பத்தியாகும் சரக்குதான் வேறு.

இங்கேதான் விந்தணு ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய தலைவலி. முதிர்ந்த விந்தணுவில் லெட்ஜர் இறுக்கமாகக் கட்டிப் பூட்டப்பட்டிருக்கிறது. பட்டறை மூடப்பட்டுவிட்டது. அதனால் அதற்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்தி, "இந்தப் புரதத்தைச் செய்து காட்டு" என்று கேட்க முடியாது. ஆய்வகத் தட்டில் மற்ற செல்களைப் போல அதை வளர்த்துப் பெருக்கவும் முடியாது. ஆக, இருந்தது இரண்டே வழி. ஒன்று, ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலியை உருவாக்கி, அதன் விந்தணுவில் என்ன குறைகிறது என்று பார்ப்பது. இரண்டு, விந்தணுவின் புரதத்தை வேறொரு சாதாரண செல்லில் வெளிப்படச் செய்து, அந்தச் செல் முட்டையிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. இந்த இரண்டு வழிகளும் சேர்ந்துதான் கடைசியில் வெற்றி கொடுத்தன.

கவிழ்ந்த நாற்காலிகள்

ஆனால் வெற்றிக்கு முன்னால் தோல்விகள் வரிசையாக வந்தன. விந்தணுவின் தலையில் அக்ரோசின் என்ற ஒரு நொதி இருக்கிறது. முட்டையின் உறையைக் கரைத்து வழி உண்டாக்குவது இதுதான் என்று பாடப்புத்தகங்களே எழுதின. 1994ல் ஜப்பானில் பாபா என்பவரின் குழு அக்ரோசின் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியது. அந்த ஆண் எலிகள் சாதாரணமாகக் குட்டிகளுக்கு அப்பா ஆயின!

அடுத்தது ஃபெர்டிலின். அமெரிக்காவில் பால் ப்ரைமகாஃப், டயானா மைல்ஸ் ஆகியோரின் குழு கினிப் பன்றியின் விந்தணுவில் கண்டெடுத்த புரதம் இது. இதற்கு எதிரான ஆன்டிபாடியைச் சேர்த்தால் விந்தணு முட்டையோடு சேர்வது தடைபட்டது. 1992ல் இதன் அமைப்பு வெளியானபோது, வைரஸ்கள் செல்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதங்களின் சாயல் இதில் தெரிந்தது. "இதுதான் அந்தச் சாவி" என்று பலரும் நம்பினார்கள். 1998ல் ஃபெர்டிலின் பீட்டா இல்லாத சுண்டெலி வந்தது. அதன் விந்தணுக்களுக்கு வேறு குறைகள் நிறைய இருந்தன. முட்டையை நோக்கிச் சரியாகப் போக முடியவில்லை, உறையில் ஒட்டவும் முடியவில்லை. ஆனால் உறை நீக்கிய முட்டையிடம் கொண்டுபோய் விட்டால் பாதி அளவுக்காவது சேர்ந்தன. ஆக, சேர்வதற்கான சாவி இது அல்ல.

2000ம் வருடம் முட்டையின் பக்கத்தில் ஒரு வெளிச்சம் கிடைத்தது. முட்டையின் சவ்வில் உள்ள சிடி9 என்ற புரதம் இல்லாத பெண் சுண்டெலிகள் பெரும்பாலும் கருத்தரிக்கவில்லை. ஜப்பானிலும் பிரான்சிலும் மூன்று குழுக்கள் ஒரே வருடத்தில் இதை அறிவித்தன. ஆனால் விந்தணுவின் பக்கம் இன்னும் இருட்டாகவே இருந்தது.

ஒசாகாவில் ஒரு பிடிவாதக்காரர்

இப்போது கதாநாயகன் வருகிறார். ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மசாரு ஒகாபே. உடல் முழுக்கப் பச்சை நிறத்தில் ஒளிரும் சுண்டெலியை 1997ல் உருவாக்கிய குழு இவருடையதுதான். ஜெல்லி மீனின் ஒளிரும் புரதத்தைச் சுண்டெலியின் செல்களில் வெளிப்படச் செய்தார்கள். இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பச்சை எலிகள் பயன்படுகின்றன.

ஒகாபேயிடம் 1980களில் இருந்தே ஒரு ஆன்டிபாடி இருந்தது. அதன் பெயர் ஓ.பி.எஃப்.13. சுண்டெலி விந்தணுவில் அதைச் சேர்த்தால், விந்தணு முட்டையோடு சேராது. அது விந்தணுவில் எதையோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு தடுக்கிறது. அந்த "எதையோ ஒன்று" எது என்பதுதான் கேள்வி. வருடங்கள் ஓடின. விடை உடனே கிடைக்கவில்லை. புரதங்களைப் பிரித்து, மின்சாரத்தால் தட்டில் பரப்பி, ஆன்டிபாடி எந்தப் புள்ளியில் ஒட்டுகிறது என்று தேடி, அந்தப் புள்ளியில் உள்ள புரதத்தை அடையாளம் காணும் கருவிகளும் எலியின் மரபணுத் தொகுப்பும் கைக்கு வந்த பிறகுதான் விடை கிடைத்தது.

2005 மார்ச்சில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. முதல் பெயர் நவோகசு இனோவே, கடைசிப் பெயர் ஒகாபே. புதிய புரதத்துக்கு அவர்கள் வைத்த பெயர் இசுமோ. ஜப்பானின் ஷிமானே மாவட்டத்தில் உள்ள இசுமோ கோயில் திருமண வரத்துக்குப் பேர்போனது. வருடத்தில் ஒரு மாதம் நாட்டில் உள்ள எல்லாத் தெய்வங்களும் அங்கே கூடுவதாக ஐதீகம். இரண்டு உயிர்களைச் சேர்த்து வைக்கும் புரதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

முந்தைய நாற்காலிகளைக் கவிழ்த்த அதே சோதனையை இசுமோவுக்கும் வைத்தார்கள். இசுமோ இல்லாத பெண் எலிகளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆண் எலிகளோ முழு மலடாக இருந்தன. அவற்றின் விந்தணுக்கள் பார்ப்பதற்கு இயல்பாக இருந்தன, நன்றாக நீந்தின, முட்டையின் உறையையும் துளைத்தன. உறைக்கும் சவ்வுக்கும் நடுவில் உள்ள இடத்தில் கூட்டமாக நின்றன. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கதவு வரைக்கும் வந்தும் கையில் சாவி இல்லை!

அதே விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தினார்கள். கரு இயல்பாக வளர்ந்தது. அதாவது சரக்கில் குறை இல்லை, நுழைவுச் சீட்டில்தான் குறை. நீக்கிய மரபணுவைத் திரும்பக் கொடுத்தபோது ஆண் எலிகளுக்குக் கருவுறச் செய்யும் திறன் திரும்பியது. மனித விந்தணுவிலும் இசுமோ இருந்தது. அதற்கு எதிரான ஆன்டிபாடியைச் சேர்த்தபோது, உறை நீக்கிய வெள்ளெலி முட்டையோடு மனித விந்தணு சேரவில்லை.

ஜோடியைத் தேடி

சாவி கிடைத்துவிட்டது. பூட்டு எங்கே? இதற்கு இன்னும் 9 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. பூட்டைக் கண்டுபிடித்தது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள சாங்கர் நிலையத்தில் கேவின் ரைட்டின் குழு. இந்தக் குழு அதற்கு முன் பேர் வாங்கியது மலேரியாவில். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய எந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2011ல் கண்டுபிடித்தவர்கள். கிருமி சிவப்பணுவுக்குள் நுழைவதும், விந்தணு முட்டையைப் பிடிப்பதும் ஒரு வகையில் ஒரே கணக்குதான். இரண்டு செல்களின் மேல்பரப்பில் உள்ள புரதங்கள் கைகுலுக்க வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால் அந்தக் கைகுலுக்கல் மிகவும் பலவீனமானது. தனி ஒரு இசுமோ, ஒரு நொடி பிடித்து விட்டுவிடும். வழக்கமான முறைகளில் கழுவும்போதே அது போய்விடும். அதனால் குழுவில் இருந்த என்ரிகா பியாங்கி, இசுமோவின் வெளிப்பகுதியை ஆய்வகச் செல்களில் தயாரித்து, ஐந்தைந்தாக ஒரு கொத்தில் கட்டினார். ஒரு விரலால் பிடிக்க முடியாததை ஐந்து விரல்களால் பிடிக்கலாம் அல்லவா? அந்தக் கொத்து சுண்டெலியின் முட்டையில் ஒட்டியது.

முட்டையில் எதோடு ஒட்டியது? இங்கேதான் புரத வெளிப்பாடு கை கொடுத்தது. சுண்டெலி முட்டைகளில் என்னென்ன நகல்கள், அதாவது ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றனவோ, அவற்றை எல்லாம் சேகரித்து ஒரு நூலகமாக்கினார்கள். அவற்றை ஹெக்293 என்ற மனிதச் செல்களுக்குள் கொடுத்தார்கள். 1970களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் மனிதக் கருவின் சிறுநீரகத்தில் இருந்து உருவான செல் வகை அது. அதை உருவாக்கிய ஃப்ராங்க் கிரகாமின் 293வது சோதனையில் வெற்றி கிடைத்ததால் அந்த எண். ஒவ்வொரு செல்லும் முட்டையின் ஏதோ சில புரதங்களைத் தன் மேல்பரப்பில் காட்டும். அவற்றில் எந்தச் செல்லில் இசுமோ கொத்து ஒட்டுகிறதோ, அதில்தான் பூட்டு இருக்கிறது. சலித்துச் சலித்து, கூட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரே ஒரு மரபணுவில் நின்றார்கள்.

அது ஏற்கெனவே பெயர் உள்ள புரதம்தான். ஃபோலேட் ஏற்பி 4 என்று பட்டியலில் இருந்தது. ஆனால் அது ஃபோலேட்டைப் பிடிப்பதே இல்லை! பெயரும் வேலையும் பொருந்தாமல் இவ்வளவு காலம் கிடந்திருக்கிறது. ரைட்டும் பியாங்கியும் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள். ஜப்பான் கோயிலுக்கு ஜோடியாக ரோமாபுரியின் திருமணத் தெய்வம், ஜூனோ. ஜூனோ இல்லாத பெண் எலிகள் கருத்தரிக்கவே இல்லை. 2014 ஏப்ரலில் நேச்சர் இதழில் இது வெளிவந்தது.

இன்னொரு பழைய புதிரும் இதில் அவிழ்ந்தது. ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்த பிறகு மற்றவை ஏன் நுழைவதில்லை? இரண்டு நுழைந்தால் கரு பிழைக்காது. கருவுற்ற சுமார் 40 நிமிடங்களுக்குள் முட்டை தன் மேல்பரப்பில் உள்ள ஜூனோவை எல்லாம் உதிர்த்துவிடுகிறது என்று கண்டார்கள். ஒருவர் உள்ளே வந்ததும் பூட்டையே கழற்றி எறிந்துவிடுகிறது முட்டை. 2016ல் கனடாவிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் இசுமோவும் ஜூனோவும் சேர்ந்திருக்கும் உருவத்தை அணு அளவில் வரைந்து காட்டின.

கதை முடியவில்லை

இத்தோடு "சுபம்" போட்டுவிடலாம் என்று நினைத்தால் இல்லை. ஒரு செல்லில் இசுமோவையும் இன்னொரு செல்லில் ஜூனோவையும் வெளிப்படச் செய்து பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒன்றாகச் சேர்வதில்லை. கைகுலுக்கல் நடக்கிறது, கல்யாணம் நடக்கவில்லை. அப்படியானால் இன்னும் ஆட்கள் தேவை.

அடுத்த வருடங்களில் ஸ்பாகா6, டிமெம்95, ஃபிம்ப், சோஃப்1 என்று விந்தணுப் புரதங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் நீக்கினால் ஆண் எலியின் விந்தணு முட்டையோடு சேர்வது தடைபடுகிறது. 2024ல் வியன்னாவில் ஆண்ட்ரியா பாலியின் குழு, ஒசாகாவில் ஒகாபேயின் வழியில் வந்த மசாஹிடோ இகாவாவின் குழுவோடு சேர்ந்து இன்னொரு படி ஏறியது. எந்தப் புரதம் எதோடு ஒட்டும் என்று கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரலைப் பயன்படுத்தினார்கள். அது டிமெம்81 என்ற, யாரும் கவனிக்காத ஒரு புரதத்தைச் சுட்டியது. இசுமோ, ஸ்பாகா6, டிமெம்81 மூன்றும் விந்தணுவின் மேல் ஒரு கூட்டணியாக நிற்கின்றன. டிமெம்81 இல்லாத ஆண் வரிக்குதிரை மீன்களும் ஆண் சுண்டெலிகளும் மலடாகின. மீனுக்கும் எலிக்கும் பொதுவாக இருக்கிறது என்றால் இது பல கோடி வருடப் பழைய ஏற்பாடு. ஆனாலும், இரண்டு சவ்வுகளைக் கடைசியில் உருக்கி ஒன்றாக்குவது எது என்பது இன்னும் தீராத கேள்விதான்.

இதனால் யாருக்கு என்ன லாபம்?

எலிக்குக் குட்டி பிறக்கிறதா இல்லையா என்று பார்த்து என்ன பயன் என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். அந்தத் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் பழி விழுவது யார் மேல் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனதும் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்ற கேள்வி முதலில் போவது மருமகளிடம்தான். கணவனைப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் வீட்டில் சண்டை. வந்து ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லிவிட்டால், "பார்த்தாயா, குறை உன்னிடம்தான்" என்று முடித்துவிடுகிறார்கள்.

இசுமோ இல்லாத அந்த ஒசாகா சுண்டெலியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அதன் விந்தணு இயல்பான உருவத்தில் இருந்தது, நன்றாக நீந்தியது. வழக்கமான விந்துப் பரிசோதனை பார்ப்பது பெரும்பாலும் எண்ணிக்கை, உருவம், நீந்தும் திறன் ஆகியவற்றைத்தான். மேல்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அந்தச் சுண்டெலி ஒரு மருத்துவமனைக்கு வந்திருந்தால் அதற்கும் ரிப்போர்ட் நார்மல்தான்! பேலன்ஸ் ஷீட் டேலி ஆனதால் மட்டும் கணக்கில் தவறே இல்லை என்று அர்த்தமாகிவிடாது அல்லவா? அதே மாதிரிதான்.

1992ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜியான்பியரோ பலெர்மோவும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் அறிவித்த இக்சி முறை, ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிறது. ஆண் மலட்டுத்தன்மைக்கு இது பெரிய வரப்பிரசாதம், சந்தேகமில்லை. ஆனால் குறை ஆணிடம் இருந்தாலும், தினமும் ஊசி போட்டுக்கொள்வதும், மயக்க மருந்தில் படுத்து முட்டையை எடுக்கக் கொடுப்பதும் பெண்தான். பணமும் தண்ணீராகச் செலவாகிறது. பூட்டு ஏன் திறக்கவில்லை என்று தெரியாமல் கதவை உடைத்து உள்ளே போவது போன்றது இது. எந்தப் புரதம் குறைகிறது என்று தெரிந்தால், யாருக்கு இக்சி உண்மையிலேயே தேவை, யாருக்குத் தேவை இல்லை என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய நாள் வரலாம். இதே சாவியையும் பூட்டையும் தடுத்து நிறுத்தினால் ஹார்மோன் இல்லாத கருத்தடைக்கும் வழி பிறக்கலாம்.

ஒரு துணிக்கடைக்காரர் தயங்கித் தயங்கி எழுதிய கடிதத்தில் தொடங்கிய இந்தத் தேடலுக்கு மூன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அவருக்கு இருந்த தயக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. பேச வெட்கப்படும் விஷயத்தில்தான் பழி சுலபமாக ஒருவர் தலையில் போய் உட்காருகிறது. இசுமோவும் ஜூனோவும் சொல்லும் பாடம் எளிமையானது. ஒரு குழந்தைக்கு இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரின் பங்கும் சமம். பரிசோதனைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து போவதுதான் நியாயம், நண்பர்களே!